பார்வை வருது, ஆர்டர் வரலை: கடைப் பக்கத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

மதுரையில் சிறு கடைகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுங்குடிச் சேலை, முறுக்கு, செக்கு எண்ணெய், பிளவுஸ் தையல் என்று எல்லாம் சொந்தக் கையால் நடத்துகிற வியாபாரங்கள். கடைக்காரர்கள் போன் செய்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, அல்காரிதம் மாத்திட்டானாமே?" எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று ஆப் போடுகிற கணக்குதான் அல்காரிதம். உட்கார்ந்து பார்த்தால் பழுது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பர் என்ன செய்வார்? தொட்டியில் தொடங்கி ஒவ்வொரு வால்வாகப் பார்த்துக்கொண்டு வருவார். எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டார். இங்கேயும் அதே வரிசைதான். ஒருவர் உங்கள் வீடியோவைப் பார்க்கிறார், நிற்கிறார், விலை கேட்கிறார், பணம் கட்டுகிறார், திரும்ப வருகிறார். எந்த இடத்தில் கழன்று போகிறார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு நான்கு எண்கள் வேண்டும். கடந்த 30 நாட்களில் எத்தனை பேரிடம் பதிவுகள் போய்ச் சேர்ந்தன (இதுதான் ரீச்), அதில் ஃபாலோயர் அல்லாதவர்கள் எவ்வளவு என்ற இரண்டும் இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பக்கமான இன்சைட்ஸில் கிடைக்கும். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்ற மற்ற இரண்டை எந்த ஆப்பும் சொல்லாது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வையுங்கள். யார் விசாரித்தாலும் ஒரு கோடு, வாங்கினால் அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. ஒரு மாதம் இதைச் செய்த கடைக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது.

இனி உங்கள் கடையில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

"ரீச் திடீர்னு விழுந்துடுச்சு"

முதலில் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பதிவு ஏதாவது விதிமீறல் என்று நீக்கப்பட்டிருக்கிறதா, ஃபாலோயர் அல்லாதவர்களுக்கு உங்கள் கணக்கைப் பரிந்துரைக்கிறார்களா இல்லையா என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கும். 'ஷேடோ பான் ஆயிடுச்சு', அதாவது சொல்லாமலே பதிவுகளை மறைக்கிறார்கள், என்று மாதக்கணக்கில் புலம்பியவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். அங்கே பிரச்சினை காட்டினால் அந்தப் பதிவை நீக்குங்கள், அல்லது மறுபரிசீலனை கேளுங்கள். பச்சையாக இருந்தால் அடுத்ததைப் பார்ப்போம்.

அடுத்தது வாட்டர்மார்க், அதாவது வீடியோமேல் தெரிகிற ஆப் லோகோ. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்ட உடனே ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரே வீடியோவை எல்லா இடத்திலும் போடுகிற பழக்கமும் கூடவே வந்தது. வேறு ஆப்பின் லோகோ தெரிகிற வீடியோக்களைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. எடிட்டிங் ஆப்பின் லோகோ மூலையில் இருந்தாலும் அதே கதிதான். லோகோ இல்லாத மூல வீடியோவைப் போனில் சேமித்துவைத்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

பிறகு பாட்டு. தனிநபர் கணக்கைப் பிசினஸ் கணக்காக மாற்றியதும் சினிமாப் பாட்டுகள் பட்டியலில் காணாமல் போகும். அது கோளாறு இல்லை. அந்தப் பாட்டுகளுக்கான உரிமம் வியாபாரப் பயன்பாட்டுக்குச் செல்லாது. சிலர் வெளியிலிருந்து பாட்டை ஒட்டி ஏற்றுகிறார்கள். அந்த ரீல் ஊமையாக்கப்படலாம், நீக்கப்படலாம், பாட்டின் உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பவும் இடமிருக்கிறது. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் வியாபாரத்துக்குத் தடையில்லாத இசை நிறைய இருக்கிறது. அதையும்விட நல்லது உங்கள் கடையின் சொந்தச் சத்தம். தறிச் சத்தம், எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு விழுகிற சத்தம், கத்தரிக்கோல் துணியைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். இவை யாருடைய உரிமமும் தேவைப்படாதவை, காதை இழுத்துப் பிடிப்பவை.

இவை மூன்றும் சரியாக இருந்தால், விழுந்தது எந்த இடத்தில் என்று பிரித்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி பலமுறை விளக்கியிருக்கிறார்: அங்கே இருப்பது ஒரே அல்காரிதம் அல்ல, ஃபீட், ஸ்டோரி, எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ் ஒவ்வொன்றும் வேறு கணக்கில் ஓடுகின்றன. ஸ்டோரி பார்வை மட்டும் குறைந்தால் பழைய ஃபாலோயர்கள் சலித்துவிட்டார்கள் என்று பொருள். ரீல்ஸில் ஃபாலோயர் அல்லாதவர் பங்கு குறைந்தால் வீடியோக்கள் புதியவர்களை நிறுத்தவில்லை என்று பொருள். புதியவர்களிடம் போய்ச் சேர, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதும், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்பதும் பெரிய எடை உள்ளவை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் ஒவ்வொரு வீடியோவுக்கும் கேட்கிற கேள்வி: இதை ஒரு பெண் தன் அக்காவுக்கு அனுப்புவாளா? எதற்காக அனுப்புவாள்?

காலண்டரையும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய ஜவுளிக் கடைகள் எல்லாம் பணத்தைக் கொட்டும்போது சின்னக் கடையின் வீடியோ பின்னால் தள்ளப்படுவது இயல்பு. அந்த நேரத்தில் புதிய ஆட்களைத் தேடாமல் பழைய வாடிக்கையாளர்களிடம் வாட்ஸ்ஆப்பில் பேசுவதுதான் நல்லது.

"வியூஸ் ஆயிரக்கணக்குல போகுது, ஒருத்தரும் கேட்கலை"

இதுதான் நான் அதிகம் பார்க்கிற நோய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகால் பகுதியில் ஒரு சுங்குடிக் கடை. மூன்று தலைமுறையாகச் சௌராஷ்டிரக் குடும்பம் நடத்துகிறது. மகன் ரீல்ஸ் போட ஆரம்பித்தார். டிரெண்டில் இருக்கிற ஒரு வசனத்துக்கு வாயசைத்து, கையில் சேலையோடு. பார்வை கொட்டியது. சிரிப்பு எமோஜிகள் கொட்டின. விசாரிப்பு மட்டும் இல்லை. பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கல்லூரிப் பையன்கள் என்று இன்சைட்ஸில் வயதையும் பாலினத்தையும் பார்த்ததும் தெரிந்தது. அவர்கள் வசனத்துக்காக நின்றவர்கள். சேலையைப் பார்க்கவே இல்லை.

நான் கடைக்குப் போய் ஒரு மதியம் உட்கார்ந்தேன். ஒரு அம்மா உள்ளே வந்து ஒரு சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதே டிசைன் ரோட்டுக் கடையில 600 ரூபாய்தானே" என்றார். கடைக்காரர் பதில் சொல்லாமல் உள்ளே போய், சாயம் போட்டுக் காய்ந்த, முடிச்சு இன்னும் அவிழ்க்காத ஒரு துணியை எடுத்துவந்தார். பார்க்கச் சுருங்கிய மூட்டை மாதிரி, மேலெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு. "இந்த ஓரத்தைப் பிடிங்கம்மா" என்று ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்து, மறுபக்கத்தைத் தான் பிடித்து இரண்டு பேருமாகச் சுண்டி இழுத்தார்கள். பட்பட்பட் என்று நூல் முடிச்சுகள் தெறித்தன. நூல் கட்டியிருந்த ஒவ்வொரு இடத்திலும் சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். அந்த அம்மா கையிலிருந்த துணியை விடவே இல்லை. புள்ளிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு விலை பேசவில்லை, நிறம்தான் பேசினார்.

அந்தக் காட்சியைத்தான் வீடியோவாக எடுத்தோம். முகம் இல்லை, வசனம் இல்லை. இரண்டு ஜோடிக் கைகள், முடிச்சு தெறிக்கிற சத்தம், அவ்வளவுதான். முதல் மூன்று வினாடியில் அந்தச் சுருங்கிய துணி. என்னவோ என்று நிற்கிறார்கள். பிறகு இழுப்பு. கடைசியில் கைமுடிச்சுப் புள்ளியையும் அச்சடித்த புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குளோசப். கீழே தமிழில் எழுத்து: "கையால் கட்டிய முடிச்சு கொஞ்சம் கோணலாக இருக்கும். தடவினால் மேடு தெரியும். அச்சு என்றால் வட்டமாக, வழவழவென்று இருக்கும்." மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்தோம்.

பார்வை முந்தைய ரீலைவிடக் குறைவு. விசாரிப்பு முதல் நாளே வந்தது. "எங்க அம்மாகிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு" என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எழுதினார்கள். அக்காவுக்கு அனுப்புகிற வீடியோ என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆகவே இந்த அறிகுறி இருந்தால் செய்ய வேண்டியவை: கூட்டம் சேர்த்த ரீலைத் திறந்து, பார்த்தவர்களின் வயதும் ஊரும் உங்கள் வாடிக்கையாளரோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த வகை வீடியோவை நிறுத்துங்கள், பார்வை எவ்வளவு வந்தாலும் சரி. பிறகு கடையில் வாடிக்கையாளர் தயங்குகிற இடத்தையும் தயக்கம் உடைகிற இடத்தையும் கவனியுங்கள். எண்ணெய்க் கடையில் அது செக்கிலிருந்து முதல் சொட்டு விழுகிற நேரமாக இருக்கலாம். தையல் கடையில் பிளவுஸின் உள்பக்கத் தையலைத் திருப்பிக் காட்டுவதாக இருக்கலாம். உங்கள் கடையில் எது என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். என்னைப் போன்ற வெளியாளுக்குத் தெரியாது.

இங்கே டிரெண்ட் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பலர் ஏஐ வைத்து மாடல் படங்களை உருவாக்கிச் சேலையைக் கட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கிற பார்டரும் பார்சலில் வருகிற பார்டரும் வேறாக இருந்தால் வாங்கியவருக்கு அது ஏமாற்று. துணி, நகை, சாப்பாடு, இந்த மூன்றுக்கும் பொருளின் படத்தில் ஏஐ வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்னணி மாற்றவும், கேப்ஷன் திருத்தவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

"விலை கேட்கிறாங்க, அப்புறம் காணோம்"

விலையை எழுதுங்கள். இதைவிட எளிய மருந்து எதுவும் இல்லை. 'விலைக்கு டிஎம் செய்யவும்', அதாவது தனிச் செய்தியில் கேளுங்கள், என்று போட்டால் விசாரிப்பு கூடும், கமெண்ட் கூடும், உண்மைதான். ஆனால் 500 ரூபாய் எதிர்பார்த்து வருகிறவருக்கும் 3,000 எதிர்பார்த்து வருகிறவருக்கும் நீங்களே ஒவ்வொருவராக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதில் உண்மையான வாடிக்கையாளருக்குப் பதில் தாமதமாகும். கேப்ஷனின் முதல் வரியில் விலை, கூரியர் செலவு உட்பட.

விலை எழுதியும் மறைகிறார்கள் என்றால் உங்கள் பதில் எத்தனை மணி நேரத்தில் போகிறது என்று பாருங்கள். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு முடித்துப் போனை எடுத்துக் கேட்கிறவர் காலை 11 மணிக்கு வேறு மனநிலையில் இருப்பார். வாட்ஸ்ஆப் பிசினஸ் ஆப்பில் கேட்லாக், விரைவுப் பதில், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகிற பதில் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. எங்கள் கடைகளில் இப்படி ஒன்றை வைத்திருக்கிறோம்: "வணக்கம். கடை காலை 10 மணிக்குத் திறக்கும். நீங்கள் கேட்ட சேலையின் படத்தை அனுப்பி வையுங்கள், திறந்ததும் முதலில் உங்களுக்குத்தான் பதில்." அதைச் சொன்னபடி செய்யவும் வேண்டும்.

பணம் கட்டுகிற இடத்தில் மறைந்தால் அது நம்பிக்கைப் பிரச்சினை. புதிய பக்கத்துக்கு ஜிபேயில் முன்பணம் போட யாருக்கும் தயக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும். கடையின் பெயரிலேயே யுபிஐ க்யூஆர், பயோவில் கடை முகவரி, கூகுள் மேப்ஸில் கடை, பார்சல் பிரிக்கிற வாடிக்கையாளர்களின் வீடியோக்கள் அவர்கள் அனுமதியோடு ஹைலைட்டில். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் லேபிளில் தெரிகிற படம். இவ்வளவு போதும்.

"பூஸ்ட் பண்ணேன், காசு போச்சு"

பதிவின் கீழே இருக்கும், பணம் கட்டி அதை விளம்பரமாக்கும் பூஸ்ட் பட்டன் வசதியானது. அதனால்தான் பலர் அதை அழுத்தி, வருகிற தெரிவுகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதலில் இலக்கைப் பாருங்கள். 'ப்ரொஃபைல் விசிட்' என்று தேர்ந்தால் ப்ரொஃபைலை எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களைத்தான் அது தேடிக் கொண்டுவரும். வாங்குகிறவர்களை இல்லை. நீங்கள் கேட்டதை அது செய்திருக்கிறது. விசாரிப்பு வேண்டும் என்றால் வாட்ஸ்ஆப் மெசேஜ் என்ற இலக்கைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தைத் தொட்டதும் நேராக உங்கள் வாட்ஸ்ஆப் திறக்கும்.

இடம்: கடைக்கு நேரில் வந்துதான் வாங்க முடியும் என்கிற பேக்கரிக்கு இந்தியா முழுக்க விளம்பரம் காட்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மேப்பில் குண்டூசி குத்திச் சுற்றளவைச் சுருக்கும் வசதி இருக்கிறது.

பொறுமை: மெட்டா விளம்பரம் தொடங்கியதும் 'லேர்னிங்' என்று காட்டும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் ஏறக்குறைய 50 பலன்கள் கிடைத்தால்தான் அந்தக் கட்டத்தைத் தாண்டும். நீங்கள் மறுநாளே பட்ஜெட்டை மாற்றி, படத்தை மாற்றி, ஆடியன்ஸை மாற்றினால் அது மறுபடி முதலிலிருந்து கற்க ஆரம்பிக்கும். சிறு கடைக்கு வாரம் 50 விற்பனை விளம்பரத்தில் வருவது கடினம். 50 விசாரிப்பு வரவைக்கலாம். அதனாலும் மெசேஜ் இலக்குதான் நமக்குச் சரி. ஐந்து விளம்பரமாகப் பிரித்துப் பணத்தைச் சிதறவிடாமல் ஒன்றிரண்டில் போட்டு ஒரு வாரம் தொடாமல் இருங்கள்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு 3,000 ரூபாய் விளம்பரம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540, மொத்தம் 3,540. 60 பேர் விசாரித்து 6 பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 590 ரூபாய். ஒரு சேலையில் உங்களுக்கு நிற்பது 450 என்றால் ஒவ்வொரு ஆர்டரிலும் 140 ரூபாய் நட்டம். இந்தக் கணக்கைப் போடாமல் 'நல்லா ஓடுது' என்று பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியவர்களை எனக்குத் தெரியும். இதே உதாரணத்தில் விசாரித்த 60 பேரில் 10 பேர் வாங்கினால் செலவு 354, கையில் 96 நிற்கும். விளம்பரத்தைத் தொடாமலே, விசாரிப்புக்குப் பதில் சொல்லும் விதத்தை மட்டும் சீராக்கி அந்த இடத்துக்கு வர முடியும். வாங்கியவர் அடுத்த ஆண்டு மறுபடி வருகிற கடை என்றால் முதல் ஆர்டரில் கொஞ்சம் நட்டத்தைத் தாங்கலாம். ஆனால் தெரிந்து தாங்க வேண்டும்.

விளம்பரம் நிராகரிக்கப்பட்டால் வாசகத்தைப் பாருங்கள். "உங்களுக்குச் சர்க்கரை நோயா?" என்று படிப்பவரின் உடல்நிலையைச் சுட்டிக் கேட்பது மெட்டாவின் விதிக்கு எதிரானது. எடை குறைப்பில் 'முன்பு – பின்பு' படங்களும் அப்படித்தான். "எங்கள் எண்ணெய் மூட்டுவலியைக் குணப்படுத்தும்" என்பது மெட்டாவைத் தாண்டி நுகர்வோர் சட்டத்திலேயே மாட்டிவிடும். எண்ணெய் எப்படி ஆட்டப்பட்டது என்று சொல்லுங்கள், போதும்.

"இன்ஃப்ளுயன்சருக்குக் கொடுத்தோம், பலனில்லை"

கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய ஃபாலோயர்கள் எந்த ஊர், எந்த வயது என்ற இன்சைட்ஸ் திரையை, போனில் நேரடியாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல படைப்பாளிகள் தயங்காமல் காட்டுவார்கள். மதுரைக் கடைக்கு மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் பத்தாயிரம் பேர் வைத்திருக்கிற ஒரு சமையல்கார அக்கா, மாநிலம் முழுக்கப் பல லட்சம் வைத்திருக்கிறவரைவிட அதிகம் விற்றுக் கொடுப்பார். அவருக்கென்று ஒரு தள்ளுபடிச் சொல் கொடுங்கள், 'அக்கா சொன்னாங்க' என்பது போல. வாங்குகிறவர் அந்தச் சொல்லைச் சொன்னால் நோட்டில் தனிக் கோடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் 2022இலும், பரிந்துரை செய்பவர்களுக்கான வழிகாட்டி 2023 ஜனவரியிலும் வந்தன. காசு மட்டும் இல்லை, இலவசமாகச் சேலை கொடுத்தாலும் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கடைக்காரரும் இதில் பொறுப்பு. "விளம்பரம்" என்று சொன்னால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, மறைத்தது தெரியும்போதுதான் நம்பிக்கை போகிறது.

"ஃபாலோயர்ஸ் இருக்காங்க, லைக் இல்லை"

காசு கொடுத்து வாங்கியவர்களா? பரிசுப் போட்டிக்கு வந்தவர்களா? அப்படியென்றால் அவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிவிடுங்கள். அடுத்த போட்டியில் மொபைல் போன் பரிசு வைக்காமல் உங்கள் பொருளையே பரிசாக வையுங்கள். முறுக்கு வேண்டும் என்கிறவர்தான் வருவார்.

"சாயம் போகுதுன்னு கமெண்ட் போட்டுட்டாங்க"

நீக்காதீர்கள். நீக்கினால் அடுத்தது ஸ்க்ரீன்ஷாட்டோடு வரும். கோபத்தில் எழுதியவரைவிட, அதைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள்தான் அதிகம். பதில் அவர்களுக்கும் சேர்த்து. சுங்குடிக் கடைக்கு இப்படி ஒரு கமெண்ட் வந்தபோது நாங்கள் எழுதியது: "மன்னிச்சுக்கோங்க அக்கா. அடர் நிறச் சுங்குடியில் முதல் ஓரிரு துவைப்பில் சாயம் கொஞ்சம் விடும். இதைப் பார்சலில் எழுதி வைக்காதது எங்கள் தவறு. முதல்முறை கல் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் சேலையைத் திருப்பி அனுப்புங்கள், கூரியர் செலவு எங்களுடையது." அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் துவைக்கும் முறை எழுதிய சின்னச் சீட்டு போகிறது. அந்தச் சீட்டையே ஒரு ரீலாகவும் போட்டோம். சேவ் செய்துவைத்தவர்கள் அதிகம்.

"வாட்ஸ்ஆப்ல அனுப்பினா போய்ச் சேரலை"

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போகும். ஆகவே பில் போடும்போதே "எங்க நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சரக்கு வந்தா அனுப்புறோம்" என்று கேட்டுவிடுங்கள். எங்கிருந்தோ எண்களை வாங்கி, மொத்தமாக அனுப்பும் மென்பொருளில் தள்ளினால் எண்ணே முடக்கப்படும்; பத்து வருட வாடிக்கையாளர் தொடர்பு ஒரே நாளில் போகும். நிறைய பேருக்கு அனுப்ப வேண்டும் என்றால் வாட்ஸ்ஆப் சேனல் இருக்கிறது. அதற்கு இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, விரும்பியவர் மட்டும் பின்தொடர்வார். மாதத்தில் நான்கு செய்திக்கு மேல் வேண்டாம்.

"பேஜ் நம்ம கையில இல்லை"

இரண்டு வகை. ஒன்று திருட்டு. 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் இங்கே லாகின் செய்யவும்' என்று டிஎம் வரும். இன்ஸ்டாகிராம் இப்படி டிஎம் அனுப்பாது. மெயிலில் வந்தால், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இன்ஸ்டாகிராம் உண்மையில் அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கும், அதில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். கணக்கு போய்விட்டது என்றால் மெயிலுக்கு வந்திருக்கும் 'இது நான் இல்லை' என்ற இணைப்பை உடனே பயன்படுத்துங்கள். உங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டு ஏமாற்றினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இரண்டாவது வகைதான் எனக்கு மனம் பொறுக்காதது. ஓர் ஏஜென்சியிடம் பக்கத்தைத் தொடங்கிக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் தங்கள் மெயிலில், தங்கள் போன் எண்ணில் திறந்திருப்பார்கள். மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்தால் பக்கம் அவர்களோடு போய்விடும். என்னிடம் வந்த ஒரு முறுக்குக் கடை அம்மா அப்படித்தான் எல்லாவற்றையும் இழந்தார். அவர் மாவு பிசைகிற வீடியோ, மருமகள் குரல், வாடிக்கையாளர்கள் எழுதிய வாழ்த்து, எல்லாம். கெஞ்சிப் பார்த்தார், கிடைக்கவில்லை. புதிதாகத்தான் தொடங்கினோம்.

ஆகவே இப்போதே போனை எடுத்துப் பாருங்கள். கணக்கில் இருக்கும் மெயில் உங்களுடையதா? எண் உங்களுடையதா? மெட்டா பிசினஸில் முழுக் கட்டுப்பாடு உங்கள் பெயரில் இருக்கிறதா? எனக்கோ வேறு யாருக்கோ வேலை செய்கிற அளவுக்கு அனுமதி கொடுத்தால் போதும். வீடியோக்களின் மூலப் பிரதிகள் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

"இதெல்லாம் செய்ய நேரமில்லை"

கடையில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் பதிவு போட வேண்டாம். வாரம் இரண்டு வீடியோ, ஒரு படத் தொகுப்பு. கூட்டம் குறைந்த ஒரு மதியத்தில், செவ்வாயோ புதனோ, இரண்டு மணி நேரம் ஒதுக்கி மொத்தமாக எடுத்துவிடுங்கள். கேப்ஷனில் மக்கள் தேடுகிற சொல்லை எழுதுங்கள்: 'மதுரை சுங்குடி சேலை', 'கைமுடிச்சு', 'பருத்தி'. 2025 ஜூலையிலிருந்து பிசினஸ் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன, ஆகவே ஹேஷ்டேக் குவியலைவிட ஒரு தெளிவான தமிழ் வாக்கியம் அதிக நாள் உழைக்கும். ஹேஷ்டேக் மூன்று முதல் ஐந்து போதும்.

கேமராவுக்கு முன் பேசக் கூச்சமா? சுங்குடிக் கடைக்கு முடிச்சுக் கட்டித் தருகிற அம்மாவும் அப்படித்தான். முகத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் ஓரம் அவரை உட்காரவைத்து, போனை ஒரு டப்பாமேல் சாய்த்து, கைகளை மட்டும் எடுத்தோம். நகத்தில் துணியின் நுனியைக் கிள்ளுகிறார், நூலைச் சுற்றுகிறார், சுண்டுகிறார், அடுத்த புள்ளி. பத்து நிமிடத்தில் அவர் போனை மறந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியிடம் கதை பேசிக்கொண்டே கட்டினார், அந்தப் பேச்சையும் அப்படியே விட்டுவைத்தோம். கமெண்டில் முதல் கேள்வி அந்தப் பேத்தியைப் பற்றி. இரண்டாவது, அவர் கையில் இருந்த அந்த அரக்குச் சேலை எப்போது தயாராகும் என்று.